மூன்று தட்டலில் ஒரு மன்னிப்பு

எங்கள் அக்காவைக் குறை சொல்லி ஒரு போர்டு. அதை அவள் ஆபீஸ் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். நிறுத்தப்போகிறவன் அவள் கூடப்பிறந்த தம்பி, அதாவது நான். நல்ல பிழைப்பு, போங்கள்!

முன்கதையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் பல் தேய்த்துவிட்டு வெளியே போன எங்கள் அப்பா சாங்பே, இந்தப் பிப்ரவரியில் வீடு திரும்பினார். அம்மா மல்சூன் அவருக்குச் சாதம் போட்டாள். நான் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு திரிந்தேன். என் லாரியின் பின்விளக்கை அவர் சரிசெய்து கொடுத்ததும் முறைப்பதை மறந்துவிட்டேன். நான் அப்படித்தான், எனக்குக் கோபம் நிற்காது.

அக்கா இன்ஹே அப்படி இல்லை. "அந்த ஆள் இருக்கிற வீட்டுக்கு நான் வரமாட்டேன்" என்று போனில் சொன்னவள், ஒன்பது மாதமாக அம்மா வீட்டுப் படி ஏறவில்லை.

அக்கா பாங்யோவில் ஒரு கேம் கம்பெனியில் கதை எழுதுகிறாள். கைபேசியில் விளையாடுகிற கேம், பெயர் 'உப்புக் கோட்டை'. திரையை ஒரு தட்டுத் தட்டினால் ஒரு வசனம் வரும், மறுபடி தட்டினால் அடுத்த வசனம். நடுநடுவே சண்டை. மொத்தம் பத்து அத்தியாயம். ஒன்பதாவது போன வாரம் வந்தது. பத்தாவதுதான் முடிவு.

அந்த முடிவை அக்கா எழுதுவதா, வேறு டீமிடம் கொடுப்பதா என்பதை இன்றைக்கு மூன்று மணி மீட்டிங்கில் கம்பெனியின் ஓக் டைரக்டர் சொல்லப்போகிறார். ஏழு வருஷம் அவள் வளர்த்த கதை. வேறு யாராவது முடித்து வைத்தால் அக்கா தாங்கமாட்டாள். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

இப்போது என் பிழைப்பு. ஒரு மினி லாரி, பக்கவாட்டில் பெரிய எல்இடி திரை. பாடகருக்குப் பிறந்தநாள் என்றால் ரசிகர்கள் என்னைக் கூப்பிடுவார்கள். கேம் கம்பெனி மேல் கோபம் என்றாலும் என்னையேதான் கூப்பிடுவார்கள். எங்கள் ஊர் விளையாட்டுக்காரர்களுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார்கள், கல் எறியமாட்டார்கள். ஓட்டெடுப்பு நடத்தி நாலு வரி எழுதி, லாரியை வாசலில் நிறுத்திவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். அனுப்பிய எழுத்தில் ஒரு புள்ளியைக்கூட நான் மாற்றக் கூடாது. அதுதான் இந்தத் தொழிலில் முதல் விதி.

நாலு நாளைக்கு முன்னால் வண்டி கேட்டார்கள், சரியென்றேன். எந்த கேம், என்ன எழுத்து என்று நேற்று மாலைதான் வந்தது. படித்த பிறகுதான் அது அக்காவின் கேம் என்று தெரிந்தது. கடைசி நேரத்தில் காலை வாரினால் இந்தக் கூட்டம் நாளைக்கு என்னை நம்புமா? அக்காவுக்குப் போன் பண்ணலாம் என்று நாலு தடவை எடுத்தேன், நாலு தடவையும் வைத்துவிட்டேன். எனக்கு அவ்வளவுதான் தைரியம்.

காலை ஒன்பது மணிக்கு வண்டியை நிறுத்தித் திரையைப் போட்டேன். தெரு முழுக்க கிங்கோ மரத்து மஞ்சள் இலை. தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்தேன்.

அப்போது பார்த்து அம்மா போன் பண்ணினாள்.

"கியூதே, இன்னைக்கு எங்கடா வண்டி?"

"பாங்யோம்மா. அக்கா ஆபீஸ் வாசல்ல."

"இன்ஹே ஆபீஸா! அவ கேமுக்கா?"

"ஆமா, அவ கேமுக்குத்தான்."

பொய் இல்லையே? கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். அதற்கு மேல் சொல்லாமல் வைத்ததுதான் தப்பு. இளவேனிலில் ஒரு பாடகருக்காக என் வண்டியில் வாழ்த்து ஓடியபோது அம்மா வந்து பார்த்திருக்கிறாள். அவள் மனதில் லாரி என்றால் வாழ்த்து. எனக்கு அது உறைக்கவே இல்லை.

பன்னிரண்டரை மணிக்கு அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கினாள். முந்தின நாள் மோரான் சந்தை, அதனால் இன்றைக்கு அவள் மீன் ஊறுகாய்க் கடைக்கு லீவு. பூப்போட்ட நல்ல கோட்டு, உதட்டில் சாயம், இரண்டு கையிலும் மூட்டை. மூட்டைக்குள் ஆவி பறக்கிற த்தொக். சிவப்புப் பயறு தூவின அரிசிமாவுக் கட்டி, கல்யாணத்துக்கும் கடை திறப்புக்கும் ஊருக்குக் கொடுப்போமே, அதுதான்.

நான் கதவைத் திறப்பதற்குள் அவள் திரைக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். அந்த நேரம் ஓடியது முதல் வரி.

'ஒன்பதாம் அத்தியாயம். முதல் பாதி: அழுதோம். புயலிலும் விளக்கை ஏற்றாத மகளை மறக்கமாட்டோம். எழுத்தாளருக்கு நன்றி.'

அம்மா அதைப் போட்டோ எடுத்தாள். தன்னையும் சேர்த்து இன்னொன்று எடுத்தாள். பக்கத்தில் விளையாட்டுக்காரர்கள் சார்பில் குக் சொன்யோங் என்கிற பெண் நின்றிருந்தாள். மருந்துக்கடைக்காரி, அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தவள். அவளோடு இன்னும் நாலைந்து பேர். அம்மா நேராக அவர்களிடம் போய் இடுப்பு வளைய வணங்கினாள்.

"நான் இன்ஹேயோட அம்மா. என் பொண்ணுக்காகக் குளிர்ல வந்து நிக்கிறீங்களே! எடுத்துக்கோங்க, சூடா இருக்கு."

"அம்மா, அது வந்து... நாங்க..."

"வெக்கப்படாதீங்க. வாயைத் திறங்க."

மருந்துக்கடைக்காரி வாயில் த்தொக் போனது. அதற்கப்புறம் அவளால் எப்படிப் பேச முடியும்? கண்டிக்க வந்த கூட்டம் முழுதும் கன்னம் உப்பிப்போய் நின்றது. எனக்குச் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது.

திரையில் இரண்டாவது வரி. 'அடுத்த காட்சிக்குப் போக ஒரே நண்டை நாலு முறை கொல்ல வேண்டுமா?'

"நண்டா? இப்பதானே சீசன்" என்றாள் அம்மா, இன்னொருவர் கையில் த்தொக்கைத் திணித்தபடி.

மூன்றாவது. 'வெள்ளை முடிக்காரியை எல்லாரும் புகழ்வது கதைக்காகவா, விற்பனைக்காகவா?'

"இது யாரு வெள்ளை முடி? நானா?" என்று அம்மா தலையைத் தடவிக்கொண்டு சிரித்தாள். இன்னும் புரியவில்லை அவளுக்கு.

நான்காவது வந்தது.

'பதினோரு வருடம் கழித்து வந்த அப்பாவுக்கு மூன்று தட்டலில் மன்னிப்பா? அது அவ்வளவு சுலபமா?'

அம்மா படித்தாள். ஒரு தடவை சுற்றி மறுபடி வரும்வரை நின்று, இன்னொரு தடவை படித்தாள். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. மூட்டையை அப்படியே மருந்துக்கடைக்காரி கையில் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று வந்து என் கதவைத் தட்டினாள்.

"கியூதே, இறங்குடா! நம்ம வீட்டு விஷயத்தை ஊருக்கெல்லாம் யாருடா சொன்னது?"

"அம்மா, அது நம்ம வீடு இல்லம்மா. கதை."

"பதினோரு வருஷம்னு போட்டிருக்கே! என்னைக் கேக்கிறாங்கடா, சுலபமான்னு. நடுத்தெருவுல நிறுத்திக் கேக்கிறாங்க!"

எனக்குச் சங்கடமாகிவிட்டது. கதையென்று எப்படிப் புரியவைப்பது என்று நான் விழித்துக்கொண்டிருக்கும்போது, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வெளியே வந்தாள். ஏழாவது மாடி ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். தன்னைக் குறை சொல்ல வந்த கூட்டத்துக்குத் தன் அம்மாவே த்தொக் ஊட்டுகிற காட்சியைப் பார்த்தால் யார்தான் உட்கார்ந்திருப்பார்கள்?

அக்கா என் தொப்பியை நிமிர்த்தினாள்.

"நீயாடா?"

"வண்டிதான் என்னுது. எழுத்து என்னுது இல்ல."

"அம்மாவை வேற கூட்டிட்டு வந்திருக்க!"

"அவங்களா வந்தாங்க. சத்தியமா."

"உன் வாயைத் தைக்கணும்டா. ரெண்டு பேரும் ஏறுங்க உள்ள. மூணு மணிக்கு எனக்கு உயிர் போற மீட்டிங்."

லாரியின் முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். நடுவில் அம்மா. ஹீட்டரைப் போட்டேன்.

"நண்டு, சண்டை டீமோட வேலை. வெள்ளை முடி, மேல் மாடியோட உத்தரவு, காசுக்கு விக்கிற புதுப் பாத்திரமாம். ரெண்டையும் நான் எழுதலை" என்றாள் அக்கா, முன்கண்ணாடியைப் பார்த்தபடி. "அந்த மூணு தட்டல்தான் என்னோடது."

"நீ என்னதான் எழுதின? சொல்லு" என்றாள் அம்மா.

"கலங்கரை விளக்கத்துல ஒரு பொண்ணு, ஹேருன்னு பேரு. விட்டுட்டுப் போன அப்பா கப்பல்ல திரும்பி வர்றான். புயல். விளக்கை ஏத்தினாத்தான் அவன் கரை சேரமுடியும். இவ எண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு ஏத்தாம நிக்கிறா. அந்தப் பாதியை ரெண்டு மாசம் எழுதினேன். தூக்கத்துல கூட எழுதினேன்."

"அப்புறம்?"

"கடைசியில ஏத்திடறா. அவன் கரையில இறங்கறான். அங்கதான் என் கை நின்னுபோச்சு. அவன் என்ன பேசுவான், இவ என்ன சொல்லுவா, ஒண்ணும் தெரியலை. ஒரே மத்தியானத்துல முடிச்சு அனுப்பிட்டேன்."

"என்னன்னு முடிச்ச?"

"'லேட்டாயிடுச்சும்மா'ன்னு அவன். 'பரவாயில்லப்பா'ன்னு இவ. கட்டிப் பிடிச்சுக்கறாங்க."

"அதுக்கப்புறம்?"

"நண்டு."

எனக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. அக்கா எட்டி என் தலையில் ஒன்று வைத்தாள். ஆனால் அம்மா சிரிக்கவில்லை.

"நான் உங்கப்பாவை அப்படித்தான் சேத்துக்கிட்டேன்னு நினைச்சியா?"

அக்கா அம்மா பக்கம் திரும்பினாள். "வேற எப்படிம்மா நினைக்கிறது? பிப்ரவரியில ஒரு நாள் போன் பண்ணின. 'உங்கப்பா வீட்ல இருக்கார், சாப்பிட வா'ன்ன. அவ்வளவுதான். எனக்கு அது ஒரே தட்டல்."

அம்மா மடியிலிருந்த கைப்பையைத் திறந்து மூடினாள். மறுபடி திறந்து மூடினாள்.

"எதிர்ல பூண்டுக்காரி இருக்கா இல்ல, சந்தையில? மூணு வருஷத்துக்கு முன்னால, சந்தை நாள்ல, அவ கடையில ஒரு ஆள் குந்தி உக்காந்து பூண்டு உரிச்சிட்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தா உங்கப்பா. நான் ஒண்ணும் பேசலை, என் வியாபாரத்தைப் பார்த்தேன். அடுத்த சந்தைக்கும் வந்தார். அதுக்கு அடுத்த சந்தைக்கும். சந்தை கூடுற நாலும் ஒன்பதும் வர்ற தேதியில ஒண்ணைக்கூட விடலை. கூலியும் வாங்கலையாம், பூண்டுக்காரி சொன்னா."

"நான் சந்தை தவறாம அங்க உன் சரக்கை இறக்கறேனே, என் கண்ல படலையே!" என்றேன்.

"நீ விடியறதுக்கு முன்னால வந்துட்டுப் போயிடுவ. அவர் எட்டு மணிக்கு மேலதான் வருவார். நீ இல்லாத நேரமாப் பார்த்துத்தான் வருவார்."

"எவ்வளவு நாளும்மா?" என்று அக்கா கேட்டாள்.

"ரெண்டு வருஷத்துக்கு மேல. முதல் வருஷம் நான் அந்தப் பக்கமே திரும்பலை. ரெண்டாவது குளிர்காலத்துல, ஊறவச்ச பூண்டுத் தண்ணியில கை விட்டு விட்டு, அவர் சட்டைக் கை முழங்கை வரைக்கும் நனைஞ்சு விறைச்சிருந்துது. பார்த்துக்கிட்டே இருந்தேன். மனசு கேக்கலை. 'சட்டைக் கை நனையுது, மடிச்சு விடுங்க'ன்னேன். எட்டரை வருஷமோ ஒன்பது வருஷமோ கழிச்சு நான் அவர்கிட்ட பேசின முதல் பேச்சு அதுதான். அதுக்கப்புறமும் வீட்டுக்குக் கூப்பிட ஒரு வருஷம் ஆச்சு எனக்கு."

வெளியே திரை சுற்றி மறுபடி முதல் வரிக்கு வந்திருக்க வேண்டும், நடைபாதையில் நீல வெளிச்சம் விழுந்தது. அக்கா அழுதுகொண்டிருந்தாள். மூக்கைக் கோட்டின் கையில் துடைத்தாள்.

"ஏம்மா இதை என்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீ கேட்டியாடி?"

நானும் கேட்கவில்லையே.

"அப்பா ஏன் போனார்னு அவர் சொன்னாராம்மா?"

"சொன்னார். அதை அவர் வாயாலயே கேட்டுக்கோ. அது என் கதை இல்ல."

அந்த நேரம் பார்த்து ஜன்னலை யாரோ தட்டினார்கள். மருந்துக்கடைக்காரி, கையில் அம்மாவின் மூட்டைத் துணி, உள்ளே மிச்சம் இரண்டு த்தொக். அக்காவைப் பார்த்ததும் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"எழுத்தாளர் நீங்கதானா? தப்பா எடுத்துக்காதீங்க. முதல் பாதியைக் கடையில உக்காந்து படிச்சேன். காய்ச்சல் மாத்திரை கேட்டு வந்தவர் என் முகத்தைப் பார்த்துட்டு எனக்கு என்ன உடம்புன்னு கேட்டார். அவ்வளவு அழுதேன்." அவள் ஒரு தாளை நீட்டினாள். "இதுதான் முழுப் பட்டியல். நல்லதுன்னு பதினாலு, குறைன்னு ஒன்பது. திரையில நாலுதான் போட முடிஞ்சுது. பத்தாவதை வேற யாரும் எழுதறது எங்களுக்குப் பிடிக்கலை. பிடிக்காத கதைக்கு யாராவது லாரி பிடிப்பாங்களா?"

அக்கா தாளை வாங்கிப் படித்தாள். சமையல்காரன் தனியாகச் சூப் குடிக்கிற காட்சி நல்லது என்று எழுதியிருந்தார்கள். இடிச்சத்தம் சட்டென்று நிற்கிற இடம் நல்லது. வில்லன் தன் திட்டத்தைத் தானே விளக்குவது குறை. ஒவ்வொரு வரிக்கும் அக்கா தலையாட்டினாள். கடைசிக் குறையான மூன்று தட்டலுக்கு வந்ததும் தாளை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தாள்.

"மேல போறேன்" என்றாள்.

"மூஞ்சியைக் கழுவிட்டுப் போ" என்றாள் அம்மா.

மூன்று மணி ஆனது. மூன்றரை ஆனது. அம்மா கொண்டுவந்த த்தொக்கில் மிச்சமிருந்த இரண்டையும் நானே தின்றேன், பதற்றத்தில் எனக்குப் பசிக்கும். அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், ஆனால் தூங்கவில்லை. நாலே கால் ஆனதும், "தோத்துட்டாளாடா?" என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும்?

நாலு நாற்பதுக்கு அக்கா வந்தாள். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"ஆளாளுக்கு நண்டைத்தான் சொன்னாங்க. தப்பெல்லாம் நண்டு மேல போட்டுட்டு எழுந்திரிச்சிருக்கலாம். நான் சொல்லிட்டேன். அந்த மூணு தட்டல் என் தப்பு, தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேன்னு."

"உளறிட்டியே!" என்றேன்.

"கேளுடா. ஒன்பதுலயே ஒரு காட்சியை மாத்தித் தர்றேன்னு சொன்னேன். அவன் கரையில இறங்கினதும் கட்டிப் பிடிக்கலை. கலங்கரை விளக்கத்துக்குக் கீழ உக்காந்து ஊர்க்காரங்க வலையைத் தைக்கிறான். அவ எண்ணெய் டப்பாவோட தினமும் அவனைத் தாண்டிப் போறா. திரும்பியே பார்க்கலை. ரெண்டு குளிர்காலம். ஓக் டைரக்டர் ரொம்ப நேரம் பேனாவை உருட்டிக்கிட்டிருந்தார். 'எத்தனை தட்டல் வரும்?'னு கேட்டார். 'நாற்பது'ன்னேன். 'நாற்பது தட்டலுக்குச் சண்டையே இல்லையா?'ன்னார். 'இல்லை'ன்னேன்."

"அப்புறம்?" அம்மாவும் நானும் சேர்ந்து கேட்டோம்.

"'எழுது'ன்னுட்டார். புதன்கிழமைக்குள்ள. பத்தாவதும் எனக்குத்தான்!"

அம்மா அவள் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். நான் ஹாரன் அடித்துவிட்டேன். நடைபாதையில் போன இருவர் துள்ளிக் குதித்துத் திட்டினார்கள், திட்டட்டும். சந்தோஷம் என்றால் எனக்கு ஹாரன்தான் தெரியும்.

"ஆனா ஒண்ணும்மா" என்றாள் அக்கா. "அவ பக்கம் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வலை தைக்கிறவன் பக்கம் தெரியலை. ரெண்டு வருஷம் குந்தி உக்காந்திருக்கிறவன் மனசுல என்ன இருக்கும்?"

"இன்னைக்கு வீட்ல கிம்ச்சி ஊறுகாய்க்குப் பூண்டு உரிச்சிட்டிருக்கார்" என்றாள் அம்மா. என்னைப் பார்த்தாள். ஐந்து மணிக்குத் திரையை அணைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

வீட்டுக் கதவை அம்மா திறந்தாள். முன்னறையில் செய்தித்தாள் விரித்து, மலையாகக் குவிந்த பூண்டுக்குப் பின்னால் அப்பா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தண்ணீர் நிறைந்த பேசின். அக்காவைப் பார்த்ததும் எழுந்தார். எழுந்தவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. கத்தியைக் கீழே வைத்தார், மறுபடி கையில் எடுத்தார்.

நான் மனதுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. யாரும் யாரையும் கட்டிப் பிடிக்கவில்லை.

அக்கா வாசலில் ஷூவோடு நின்றிருந்தாள். அப்பாவின் கையைப் பார்த்தாள்.

"சட்டைக் கை நனையுது. மடிச்சு விடுங்க."

அந்தப் பேச்சை அப்பா ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கிறார் அல்லவா? அவர் கண் சட்டென்று அம்மாவிடம் போனது. அம்மா ரொம்ப அக்கறையாகக் கோட்டுப் பட்டனைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அப்பா சட்டைக் கையை மடிக்கப் பார்த்தார். முதல் தடவை நழுவியது, இரண்டாம் தடவைதான் மடிந்தது.

"ஏன் போனீங்க?" என்று கேட்டாள் அக்கா.

அப்பா கத்தியைச் செய்தித்தாள் மேல் வைத்தார். "உள்ள வாம்மா. சொல்றேன். ஆனா அதைச் சொல்ல ரொம்ப நேரம் எடுக்கும்."

"எடுக்கட்டும்" என்றாள் அக்கா, குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தபடி.